‘ஈரி’ என்றால் வெறும் ‘பயங்கரமான’ தானா?

களுவாஞ்சிகுடி ரீச்சர்:

வணக்கம். தரம் 10, 11 பிள்ளைகளுக்கு மாலையில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். போன கிழமை ‘என்னால் மறக்க முடியாத இரவு’ என்று ஒரு கட்டுரை கொடுத்தேன். மண்டூர்ப் பக்கமிருந்து குருமண்வெளிப் பாதையில் (ஆட்களை ஏற்றும் மிதவையில்) வாவியைக் கடந்து வருகிற ஒரு பையன், தங்கள் வட்டைக்குள் (வயல்வெளிக்குள்) யானைகள் இறங்கிய இரவைப் பற்றி எழுதியிருந்தான். நல்ல கட்டுரை. ஆனால் ஒரு வசனத்தில் யானைகளுக்கு முன்னால் ‘ஈரி’ என்ற ஆங்கிலச் சொல்லை அடைமொழியாகப் போட்டிருந்தான். ஈரி யானைகள் வந்து எங்கள் வேளாண்மையைத் தின்றன என்று. நான் சிவப்புப் பேனையால் அதை வெட்டி, மேலே ‘ஸ்கேரி’ என்று எழுதினேன்.

அடுத்த நாள் அவன் தன் சிறிய அகராதியோடு வந்து நின்றான். ஸ்கேரி என்ற சொல்லுக்குப் ‘பயங்கரமான, அச்சந்தரும்’ என்று இருந்தது. ஈரி என்ற சொல்லுக்கு ‘அச்சந்தரும், பயங்கரமான’ என்று இருந்தது. வரிசை மட்டும்தான் வேறு. “ரெண்டும் ஒண்டுதானே ரீச்சர், ஏன் வெட்டினீங்க?” என்று கேட்டான்.

அது பிழை என்று என் காது சொல்கிறது. ஏன் பிழை என்று அவனுக்கு விளங்கும்படி சொல்ல எனக்கு வரவில்லை. இரண்டு நாளாக இதே யோசனை. ஸ்கேரி, ஈரி, கிரீப்பி, ஸ்பூக்கி, டெரிபிள் எல்லாவற்றையும் ‘பயங்கரமான’ என்ற ஒரே பெட்டிக்குள் போட்டுப் பூட்டிவிட்டு, பிள்ளைகளுக்குத் திறப்பைக் கொடுக்காமல் இருக்கிறோமோ என்று தோன்றுகிறது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அகராதிப் பொருள் வேண்டாம், அது என்னிடம் இருக்கிறது.


வட்டைக் காவல் (வெல்லாவெளி):

ரீச்சர், எனக்கு ஆங்கிலம் பெரிதாகத் தெரியாது. யானையைத் தெரியும். பரணில் காவலிருந்து இருபது மாரி கண்டவன். அதனால் பயத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

யானை முன்னால் வந்து நிற்கிறது என்று வையுங்கள். அந்தப் பயத்துக்கு முகம் இருக்கிறது. நெஞ்சு படபடக்கும், வாய் காயும், கை தன்பாட்டில் வெடியைத் தேடும், கால் ஓடப் பார்க்கும். என்ன வந்திருக்கிறது, என்ன செய்யும், நான் எந்தப் பக்கம் போகவேண்டும் என்று எல்லாம் தெரியும்.

இன்னொரு பயம் இருக்கிறது. நடுச்சாமம். வயலெல்லாம் தவளை கத்திக்கொண்டிருக்கும். ஒரு மூலையில் அந்தச் சத்தம் சட்டென்று நிற்கும். மற்ற மூலையில் கத்திக்கொண்டே இருக்கும். நின்ற மூலையில் ஒன்றும் தெரியாது. காற்றாக இருக்கலாம், பாம்பாக இருக்கலாம், ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். ஓட வேண்டுமா என்றே தெரியாது. உடம்பு குளிரும், பிடரி மயிர் எழும்பும். அந்த நேரம் பக்கத்துப் பரண்காரனைக் கூப்பிடக்கூட வாய் வராது.

யானையைக் கண்டபிறகு எனக்குப் பயம் குறைந்த இரவுகள் உண்டு என்று சொன்னால் நம்புவீர்களா? அந்த இரண்டாவது பயம் போய், முதலாவது வந்துவிடும். முதலாவதோடு ஒரு மாதிரிச் சமாளிக்கலாம்.

இந்த இரண்டுக்கும் ஆங்கிலத்தில் இரண்டு சொல் இருந்தால், வித்தியாசம் அதுவாகத்தான் இருக்கும்.


கந்தோர்க்காரன் (மட்டக்களப்பு):

வட்டைக் காவல், நான் மூன்று பந்தியில் சொல்ல நினைத்ததை நீங்கள் தவளையை வைத்துச் சொல்லிவிட்டீர்கள். யானை நிற்பது ஸ்கேரி. தவளை நின்றது ஈரி.

ரீச்சர், வகுப்பில் இப்படிச் சொல்லிப் பாருங்கள். ஸ்கேரி என்றால் பயத்துக்குக் காரணம் கையால் தொட்டுக் காட்டலாம்: நாய், உயரமான மரம், பரீட்சை, பாம்பு. ஈரி என்றால் காரணத்தைக் காட்ட முடியாது. ஏதோ வழக்கத்துக்கு மாறாக இருக்கிறது, என்னவென்று பிடிபடவில்லை, மனம் கூசுகிறது. அதனால்தான் ஆங்கிலக்காரர் ஈரி என்ற சொல்லைப் பெரும்பாலும் மௌனத்துக்கும், ஒலிக்கும், வெளிச்சத்துக்கும், வெறிச்சோடிய இடத்துக்கும் முன்னால் வைக்கிறார்கள். ஈரி மௌனம், ஈரி வெளிச்சம், ஈரி ஊளை. வந்து வேளாண்மையைத் தின்கிற யானைக்கு முன்னால் அது ஒட்டாது. தின்கிற யானையில் பிடிபடாதது என்ன இருக்கிறது?

இனி அந்தச் சொற்களின் பிறப்பைக் கொஞ்சம் சொல்கிறேன். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது.

ஈரி தெற்கு இங்கிலாந்துச் சொல் அன்று. வட இங்கிலாந்திலும் ஸ்கொட்லாந்திலும் வழங்கியது. 14ஆம் நூற்றாண்டளவில் எழுத்தில் வருகிறது. அப்போது அதன் பொருள் ‘பயந்த, கோழையான’ என்பது. பழைய ஆங்கிலத்தில் கோழையைக் குறித்த ஒரு சொல்லிலிருந்து வந்ததென்று சொற்பிறப்பு அகராதிகள் காட்டுகின்றன. அதாவது முதலில் மனிதன்தான் ஈரியாக இருந்தான். இருட்டில் தனியே நடந்து பயந்தவன் ஈரி. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான் பொருள் இடம் மாறி, அவனைப் பயப்படுத்திய இருட்டுக்குப் போனது.

ஸ்கேரி என்ற சொல்லின் வேர் பழைய ஸ்கந்திநேவிய மொழியில் இருக்கிறது. அங்கே அந்த வேர்ச்சொல்லுக்கு ‘கூச்சமுள்ள, மிரளுகிற’ என்று பொருள். அமெரிக்கப் பேச்சில் ‘சட்டென்று பயப்படுகிற’ என்ற பொருளிலும் ஸ்கேரி வழங்கியிருக்கிறது. ஒரே சொல், பயப்படுபவனுக்கும் பயப்படுத்துவதற்கும்.

இதைக் கேட்டு ஆச்சரியப்பட வேண்டாம். நம்மிடமே இருக்கிறது. வயலில் கிளியை விரட்ட நட்டு வைக்கிறோமே, அதை என்ன சொல்கிறோம்? வெருளி. வெருளுதல் என்றால் பயப்படுதல். வெருட்டுதல் என்றால் பயப்படுத்துதல். வைக்கோல் பொம்மை செய்கிற வேலை வெருட்டுவது. ஆனால் அதன் பெயர் வெருளுகிற பக்கத்திலிருந்து வந்திருக்கிறது. வெருள்வது கிளி, பெயர் பொம்மைக்கு. இன்னொரு பக்கம், ஃபோபியா என்பதற்கு ‘வெருளி’ என்றே கலைச்சொல் ஆள்கிறவர்களும் இருக்கிறார்கள். அங்கே அது மனிதனுக்குள் இருக்கிற பயம். ஒரே சொல் வயலிலும் நிற்கிறது, மனத்திலும் நிற்கிறது.

அது மட்டுமா, ஸ்கேரி பிறந்த அதே வினையில்தான் ஆங்கிலக்காரனும் தன் வெருளிக்குப் பெயர் வைத்தான், ஸ்கேர்குரோ என்று. காகத்தை வெருட்டி.


களுவாஞ்சிகுடி ரீச்சர்:

ஐயா, வெருளி ஒன்றே எனக்கு ஒரு பாடத்துக்குப் போதும். நன்றி.

பிள்ளைகள் வழக்கமாக விடுகிற பிழை ஒன்றும் இதில் விளங்கிவிடுகிறது. ‘எனக்குப் பயமாக இருக்கிறது’ என்று சொல்ல நினைத்து ‘ஐ ஆம் ஸ்கேரி’ என்று எழுதுகிறார்கள். ‘ஸ்கேர்ட்’ என்று திருத்தி அலுத்துவிட்டது. தமிழில் ‘பயமாக இருக்கு’ என்பதை இரண்டுக்கும் சொல்கிறோம். அந்த வீடு பயமாக இருக்கு, எனக்குப் பயமாக இருக்கு. பிள்ளையின் பிழை அங்கிருந்துதான் வருகிறது. இனி “நீ வெருண்டாயா, வெருட்டினாயா?” என்று கேட்கப் போகிறேன். வெருண்டால் ஸ்கேர்ட். வெருட்டினால் ஸ்கேரி.


கல்லடியான் (கனடா):

நான் கல்லடியில் பிறந்து இப்போது ஒன்ராறியோவில் இருப்பவன். இங்கே காதில் விழுகிறதைச் சொல்கிறேன்.

முதலில் ஒரு எச்சரிக்கை. இங்கே பக்கத்தில் ஒரு பெரிய ஏரிக்கும் ஈரி என்றுதான் உச்சரிப்பு. அது அங்கே வாழ்ந்த ஒரு பழங்குடியினரின் பெயர், எழுத்தும் வேறு, இந்தச் சொல்லோடு தொடர்பில்லை. வந்த புதிதில் ‘பயமுள்ள ஏரி’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள் என்றுதான் நம்பியிருந்தேன். நம் சொல்லுக்கு முதலில் ஆங்கில ‘ஈ’ எழுத்து இரண்டு வரும்.

ஸ்கேரி மிகவும் பேச்சுச் சொல். பிள்ளைகள் வாயில் எந்நேரமும் வரும். படம் ஸ்கேரி, ஊஞ்சல் ஸ்கேரி, பல் வைத்தியர் ஸ்கேரி. பெரியவர்களும் சொல்வார்கள், ஆனால் பாரமான விசயத்துக்குச் சொன்னால் கொஞ்சம் இலேசாகக் கேட்கும்.

ஸ்பூக்கி பேய்ச் சம்பந்தமானது, ஆனால் அதில் ஒரு விளையாட்டு இருக்கிறது. ஒக்டோபர் கடைசியில் வாசலில் பூசணிக்காயைச் செதுக்கி விளக்கு வைக்கிறார்களே, அதுதான் ஸ்பூக்கி. அதன் பெயர்ச்சொல்லான ஸ்பூக் என்பதை ஆட்களைப் பார்த்து ஒருபோதும் சொல்லக்கூடாது. கறுப்பினத்தவரை இழிவுபடுத்திய சொல்லாக அது அமெரிக்காவில் வழங்கியது. பிள்ளைகளுக்கு இதைச் சொல்லி வையுங்கள் ரீச்சர், அகராதி எப்போதும் சொல்லாது.

ஈரியின் இன்னொரு பயன்பாட்டை யாரும் சொல்லவில்லை. ஒற்றுமையைக் காட்ட. என் மகன் இங்கே பிறந்தவன், என் அப்பாவைக் கண்டதே இல்லை. ஒரு நாள் மாடியிலிருந்து என்னைக் கூப்பிட்டான். அச்சொட்டாக அப்பாவின் குரல், அந்த இழுவையோடு. கையில் இருந்த தேத்தண்ணிக் கோப்பையை மேசையில் வைத்துவிட்டு அப்படியே நின்றேன். பக்கத்தில் இருந்த என் நண்பர், பழைய ஒலிப்பதிவில் அப்பாவின் குரலைக் கேட்டவர், அவர் ‘ஈரி’ என்றார். யாரும் யாரையும் வெருட்டவில்லை. ஆனால் அந்த இடத்தில் வேறு சொல் பொருந்தாது.


இரவுப்பணி (அக்கரைப்பற்று):

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். நான் தாதி. ரீச்சர் கிரீப்பி என்று ஒரு சொல்லையும் பெட்டிக்குள் போட்டிருக்கிறீர்கள். அதை எடுத்துத் தனியாக வைக்க வேண்டும். பெண்பிள்ளைகளுக்குக் கட்டாயம் விளங்கவேண்டிய சொல்.

கிரீப் என்றால் ஊர்தல். தோலின் மேல் எதுவோ ஊர்கிற மாதிரி அருவருப்பும் பயமும் சேர்ந்து வருவது கிரீப்பி. பஸ்ஸில் பக்கத்து இருக்கை காலியாக இருக்க, வந்து ஒட்டி நின்று, பார்வையை எடுக்காமல் பார்க்கிற ஆள் கிரீப்பி. அவன் ஒன்றும் செய்யவில்லை என்று மற்றவர்கள் சொல்வார்கள். உடம்பு கூசுகிறதே, அது போதும். உம்மா இதற்கு ‘மேலெல்லாம் புழு ஊருது’ என்பார். ஆங்கிலக்காரனும் அதையேதான் சொல்லியிருக்கிறான்.

ஒரு மனிதனைக் கிரீப்பி என்றால் அது குற்றச்சாட்டு. ஈரி என்றால் குற்றச்சாட்டு இல்லை. இந்த வித்தியாசம் தெரியாமல் ஒரு தங்கச்சி வெளிநாட்டு வைத்தியர் ஒருவரைப் பற்றி, மிகவும் அமைதியானவர் என்ற எண்ணத்தில், கிரீப்பி என்று அவர் முன்னாலேயே சொல்லிவிட்டாள். அவர் முகம் கறுத்துப்போனது. அவளுக்கு ஏன் என்று விளங்கவே இல்லை. பிறகு நான்தான் போய் விளக்கினேன்.

ஈரிக்கு என்னிடம் ஒரு இடம் இருக்கிறது. இரவு இரண்டு மணிக்கு மேல் வார்டுக்கு வெளியே இருக்கிற நீண்ட நடைபாதை. பகலில் ஆட்கள் முட்டிமோதுகிற இடம். அப்போது ஒரு ட்யூப் லைட் மட்டும் விட்டுவிட்டு எரியும். ஒருவரும் இல்லை, ஆபத்தும் இல்லை. பதினொரு வருடமாக நடக்கிறேன், இன்னும் ஓதிக்கொண்டேதான் நடக்கிறேன். சின்ன வயதில் உம்மம்மா ஜின் கதை சொல்லுவா. அந்தக் கதை கேட்கும்போது வருகிற பயம் வேறு. அது இனிப்பான பயம், போர்வைக்குள் இருந்து கேட்பது. கல்லடியான் அண்ணன் சொன்ன ஸ்பூக்கி அதுதான் போல.


செங்கலடி வாசகன்:

ஈரி என்பதற்குத் தமிழில் ‘அமானுஷ்யமான’ என்று ஒரு நல்ல சொல் இருக்கிறதே. இந்தியத் தமிழ் இதழ்களில் தாராளமாக எழுதுகிறார்கள். அதைப் போட்டுவிட்டால் பிரச்சினை முடிந்தது.


கந்தோர்க்காரன்:

தம்பி, பாதிதான் முடியும். அமானுஷ்யம் என்றால் மனிதத்தன்மைக்கு அப்பாற்பட்டது. பேய், ஆவி, தெய்வம் என்று ஏதாவது ஒன்று உள்ளே இருக்கவேண்டும். மகனின் வாயிலிருந்து அப்பப்பாவின் குரல் வருவதில் அமானுஷ்யம் எங்கே இருக்கிறது? தாதி மகள் சொன்ன நடைபாதையில் பேய் இல்லை. ஈரிக்குப் பேய் தேவையில்லை. இருக்குமோ என்ற அந்த நொடி போதும்.

பேய் என்றதும் ஒன்று நினைவு வருகிறது. நான் வேலை செய்த கந்தோர் கோட்டைக்குள் இருந்தது. போர்த்துக்கேயர் 1628இல் கட்டி, ஒல்லாந்தர் 1638இல் பிடித்த அதே கோட்டைதான். ஸ்பூக் என்பது ஒல்லாந்தர் மொழியில் பேயைக் குறிக்கிற சொல். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கா வழியாக ஆங்கிலத்துக்குள் போனது. நமக்கு ஒல்லாந்தர் தந்த சொற்களைப் பாருங்கள்: கந்தோர், கக்கூசு, நொத்தாரிசு. அலுவலகமும் பத்திரமும் கழிப்பிடமும் அவர்களிடம் வாங்கினோம். பேயை வாங்கவில்லை. நம்மிடம் வேண்டிய அளவு இருந்தது.


காரைதீவுத் தமிழ்:

இழையை முதலிலிருந்து வாசித்தேன். தமிழ் படிப்பிக்கிறவன் என்ற முறையில் ஒரு சொல்.

தொல்காப்பியர், உணர்ச்சிகளைப் பேசும் மெய்ப்பாட்டியலில், அச்சம் நான்கு இடத்திலிருந்து பிறக்கும் என்று வைக்கிறார்: அணங்கு, விலங்கு, கள்வர், இறை. வெல்லாவெளி ஐயாவின் யானை விலங்கு. அக்கரைப்பற்றுத் தங்கச்சியின் பஸ் மனிதனைக் கள்வர் பக்கத்தில் வைக்கலாம். இறை என்பது தமக்கு மேலான அதிகாரம். அணங்கு என்பது கண்ணுக்குப் புலப்படாத வருத்தும் சக்தி.

ஈரியை அணங்கில் வைத்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். கந்தோர்க்காரர் சொன்னதைப் பார்த்தபிறகு அது முழுதாகப் பொருந்தவில்லை என்று தோன்றியது. அதே எட்டு மெய்ப்பாட்டில் மருட்கை என்று இன்னொன்று இருக்கிறது. வியப்பு. மருள் என்ற வேர். அது புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என்ற நான்கில் பிறக்கும் என்கிறார். ஆக்கம் என்பதற்கு ஒன்று மற்றொன்றாக மாறித் தோன்றுவது என்று உரை சொல்கிறார்கள். பேரனின் தொண்டையில் தாத்தாவின் குரல் என்றால் அதுதானே. எனக்கு இப்போது தோன்றுவது, அச்சமும் மருட்கையும் முட்டிக்கொள்கிற எல்லையில் ஈரி நிற்கிறது. தனி அச்சம் என்றால் ஓடிவிடுவோம். தனி வியப்பு என்றால் கிட்டப் போய்ப் பார்ப்போம். இரண்டும் சேர்ந்தால் கால் நிற்கும், காது மட்டும் நீளும்.

நம் ஊரிலேயே இதற்குச் சாட்சி இருக்கிறது. முழுநிலவு இரவில் கல்லடிப் பாலத்துக்குக் கீழே தோணியை நிறுத்தி, துடுப்பை நீருக்குள் விட்டு மறுமுனையைக் காதில் வைத்துக் கேட்டவர்கள் சொல்வார்கள். பாடும் மீன். 1859இல் வந்த இலங்கை பற்றிய தன் நூலில் பிரித்தானிய அதிகாரி எமர்சன் டெனன்ட் அந்த ஒலியை, ஈரவிரலால் கண்ணாடிக் கோப்பையின் விளிம்பைத் தேய்க்கும்போது எழுகிற மெல்லிய அதிர்வுக்கு ஒப்பிட்டிருக்கிறார். நம் ஊர் விபுலாநந்த அடிகள் 1947இல் வெளிவந்த யாழ் நூலில் நீரரமகளிர் பாடுவதாகவே அதை வைத்தார். நீரில் வாழும் தெய்வமகளிர். ஒருவர் கண்ணாடியை நினைத்தார், மற்றவர் அணங்கை நினைத்தார். இருவருமே பயந்து ஓடவில்லை, கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

பாடும் மீனை ஸ்கேரி என்று எழுதினால் நான் வெட்டுவேன். ஈரி என்று எழுதினால் விட்டுவிடுவேன்.


நாவலடி:

நான் அதிகம் எழுதுகிறவன் இல்லை. கல்லடியான் ‘பாரமான விசயத்துக்கு ஸ்கேரி இலேசாகக் கேட்கும்’ என்று எழுதியதால் சொல்கிறேன்.

2004 டிசம்பர் 26க்குப் பிறகு வந்த வெளிநாட்டுத் தொண்டர்களுக்கு நான் மொழிபெயர்த்தேன். என் சொந்த ஊர் என்பதால் என்னிடமும் கேட்டார்கள். எனக்குத் தெரிந்த சொல் ஒன்றுதான். “யெஸ், வெரி ஸ்கேரி” என்றேன். அவர்கள் தலையசைத்தார்கள். பல வருடம் கழித்து என் மகள் ஒரு கார்ட்டூன் பார்த்துவிட்டு அதே இரண்டு சொல்லைச் சொன்னாள். அப்போதுதான் அன்று நான் என்ன சொல்லியிருக்கிறேன் என்று விளங்கியது. என் அம்மாவையும் தங்கையையும் கொண்டுபோன காலையைப் பற்றி ஒரு கார்ட்டூனுக்குச் சொல்கிற சொல்லைச் சொல்லியிருக்கிறேன். அவர்கள் விளங்கிக்கொண்டிருப்பார்கள், மொழி தெரியாதவன் என்று. ஆனாலும் அது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

பிறகு நானே இருந்து சொற்களைப் படித்தேன். அந்தக் காலை, தண்ணீர் தென்னைக்கு மேலே வந்தபோது, அது டெரிஃபையிங். உடல் நடுங்கி அறிவு நிற்கிற பயம் அது. அன்று பிற்பகலும் அடுத்த நாட்களும் நாங்கள் கண்டவை, அது ஹாரிஃபிக். அந்தச் சொல்லின் இலத்தீன் வேருக்கு மயிர் குத்திட்டு நிற்றல் என்று பொருள் என்று வாசித்தேன். நாமும் மயிர்க்கூச்செறிந்தது என்கிறோம். ஆனால் நாம் அதைத் தேர் இழுக்கும்போதும் சொல்கிறோம். ஆங்கிலத்தில் அது துயரத்துக்கும் அருவருப்புக்கும் மட்டும் போய்விட்டது.

ஈரி என்ற சொல் எனக்கு அதற்கு மூன்று கிழமைக்குப் பின்னால் தேவைப்பட்டது. அப்போது தெரிந்திருக்கவில்லை. நாவலடிக்குத் திரும்பிப் போனேன். வீடுகள் இல்லை. கிணறுகள் மட்டும் நின்றன. ஒரு வீட்டின் வாசற்படி இருந்தது, பின்னால் ஒன்றும் இல்லை. நிலைக்கதவு ஒன்று தனியே நின்றது, பூட்டோடு. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, இரண்டும் அசையவில்லை. நாய்கூட இல்லை. பயப்பட அங்கே ஒன்றும் மிச்சமில்லை. ஆனால் அந்தக் கதவைச் சுற்றிப் போனேனே தவிர, அதற்குள்ளால் என்னால் போக முடியவில்லை.

பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள் ரீச்சர். சொல் பிழைத்தால் புள்ளி மட்டும் போவதில்லை.


களுவாஞ்சிகுடி ரீச்சர்:

அண்ணா, வாசித்துவிட்டுக் கனநேரம் பதில் எழுத முடியவில்லை. நீங்கள் சொன்ன மூன்று சொல்லையும் நீங்கள் சொன்ன வரிசையிலேயே வகுப்பில் சொல்வேன். உங்கள் கதை என்று சொல்லமாட்டேன்.

பெட்டிக்குள் கடைசியாக டெரிபிள் மட்டும் கிடக்கிறது. அகராதி அதற்கும் ‘பயங்கரமான’ என்கிறது.


கந்தோர்க்காரன்:

டெரிபிளில் இன்று பயம் அநேகமாக வடிந்துவிட்டது. டெரிபிள் சோறு என்றால் வாயில் வைக்க முடியாத சோறு. டெரிஃபிக் அதே வேரில் பிறந்து நேர் எதிர்ப்பக்கம் போய் ‘மிகப் பிரமாதம்’ ஆகிவிட்டது. ஆஃபுல் ஒரு காலத்தில் பயபக்தியைக் குறித்தது. கண்ணகை அம்மன் சடங்கில் கோயில் கதவு திறக்கிற நேரம் நமக்கு வருகிறதே, அது. இன்று ‘படுமோசம்’ ஆகிவிட்டது.

நாமும் இதைத்தான் செய்கிறோம். பயங்கரம் என்பது பயத்தை உண்டாக்குவது என்ற வடசொல். இப்போது பயங்கர வெயில், பயங்கர ருசி, பயங்கரக் கெட்டிக்காரன். இந்த ஊரில் அந்தச் சொல்லுக்கு வேறு பாரமும் இருக்கிறது. 1979இல் வந்த பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் பெயரில் அது இருக்கிறது, அந்தப் பெயரைக் கேட்டு இன்றும் குரலைத் தாழ்த்துகிற வீடுகள் இருக்கின்றன. ஒரு பக்கம் ருசிக்குச் சொல்கிற சொல், மறுபக்கம் வாயில் எடுக்கவே தயங்குகிற சொல். அப்படிப்பட்ட ஒன்றைக் கொண்டு தவளைச் சத்தம் நின்ற மூலையை மொழிபெயர்க்க முடியாது.

ஈரிக்கு ஒற்றைத் தமிழ்ச்சொல் தேடவேண்டாம் என்பது என் எண்ணம். ‘மனம் கூசுகிற மாதிரியான’, ‘ஏதோ ஒரு மாதிரியான’, ‘வெறிச்சென்ற’ என்று இடத்துக்கு இடம் வேறு வேறாக எழுதட்டும்.


பாதையில் வருபவன்:

வணக்கம். நான்தான் அந்தக் கட்டுரையை எழுதியவன். ரீச்சர் இந்த இழையை எனக்குக் காட்டினார். எல்லாவற்றையும் வாசித்தேன்.

ரீச்சர், அன்றைக்கு எனக்கு வகுப்பில் சொல்ல வரவில்லை, அதனால்தான் அகராதியைக் காட்டினேன். நான் ஈரி என்று எழுதியது அகராதியைப் பார்த்து இல்லை. அன்று நிலவு. நானும் அப்பாவும் பரணில் இருந்தோம். ஒரு சத்தமும் இல்லை. நான் வரம்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன், மறுகா பார்த்தால் வரம்பு உயரமாக இருந்தது. அது ஏன் உயர்ந்தது என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். பிறகுதான் அது அசைந்தது. ஏழு யானை. அவ்வளவு பெரிய உடம்பு, காலடிச் சத்தமே இல்லை. அப்பா என் வாயைப் பொத்தினார். எங்கள் வெருளி நடுவயலில் நின்றது, அதைத் தொடாமல் இரண்டு பக்கமும் பிரிந்து போயின. வெருளி அவற்றோடு சேர்ந்து நடக்கிற மாதிரி இருந்தது.

அந்தப் பயத்துக்குத்தான் அந்தச் சொல்லைப் போட்டேன். தின்றது பிறகு. தின்னத் தொடங்கியதும் அப்பா வெடி கொளுத்தினார், எல்லோரும் கத்தினோம், அது சாதாரணப் பயம்.


வட்டைக் காவல்:

மகன் சொல்வது உண்மை ரீச்சர். யானைக்குப் பாதம் பஞ்சு மாதிரி. மரம் முறித்தால்தான் சத்தம் கேட்கும், நடந்தால் கேட்காது. வரம்பு உயர்ந்ததை நானும் கண்டிருக்கிறேன். இருபது வருடத்தில் ஒருவருக்கும் சொன்னதில்லை.


கந்தோர்க்காரன்:

பையனின் சொல் சரி. வைத்த இடம்தான் பிழை. தின்கிற யானைக்கு முன்னால் வைத்ததால் அவன் கண்டது வாசிக்கிறவருக்குத் தெரியவில்லை. யானை வந்த விதத்துக்கு முன்னால் வைத்திருந்தால் நான் எழுந்து நின்றிருப்பேன். தம்பி, அந்த வசனத்தை இரண்டாக உடை. சத்தமில்லாமல் வந்ததற்கு ஒன்று, ஈரி அங்கே. தின்றதற்கு ஒன்று, ஸ்கேரி வேண்டுமானால் அங்கே.


களுவாஞ்சிகுடி ரீச்சர்:

திங்கட்கிழமை அந்தக் கொப்பியைக் கொண்டு வா மகன். வரம்பு உயர்ந்ததையும் வெருளியையும் ஏன் கட்டுரையில் எழுதவில்லை? அதற்கு ஒரு பக்கம் விட்டு எழுது. சிவப்புப் பேனைக் கீறலை நான் அழித்துவிடுகிறேன்.